கேட்கக் கூடாத பாட்டும் ஐந்து பொன்னாடைகளும்

"அக்கா, வரேக்கை அஞ்சு பொன்னாடை கொண்டு வாங்கோ. நல்ல சரிகை வைச்சதாப் பாத்து எடுங்கோ" என்று டென்மார்க்கில் இருக்கும் தம்பி நேசன் தொலைபேசியில் சொன்னபோது, யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சாவகச்சேரித் தபால் கந்தோரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உள்ளே என்ன, யாருக்கு என்று விசாரிக்காமல் ஒரு பார்சலையும் கையால் தொட்டதில்லை. சொந்தத் தம்பி என்றதும் புத்தி மழுங்கிவிட்டது.

விஷயம் இதுதான். நேசனின் ஒரே மகள் ஆதிரை மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பியானோ படிக்கப் போனவள். அன்றிலிருந்து நாலு வருடமாகத் தகப்பனும் மகளும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவள் வீட்டை விட்டுப் போய் கோபன்ஹேகனில் சிநேகிதிகளோடு அறை எடுத்து இருக்கிறாள். இப்போது படிப்பு முடிகிற கடைசிச் சோதனை. அது ஒரு கச்சேரி, இடத்தையும் அவளே தெரிவு செய்யலாம் என்பது கல்லூரியின் விதி. டோஸ்ட்ருப்பில் எங்கள் சனம் பிறந்தநாளும் பொங்கலும் கொண்டாடுகிற மண்டபத்தை அவள் தெரிவு செய்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றும் சொல்லிவிட்டாள். நேசனுக்கு அது போதும். சோதனையை அரங்கேற்றம் ஆக்கிவிட்டான். குத்துவிளக்கு ஏற்ற ஒரு மூத்த மாமி தேவைப்பட்டாள். அப்படித்தான் எனக்கு விசா வந்தது.

புதன்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். நேசன் முதியோர் இல்லத்தில் வேலை, கௌரி தொழிற்சாலையில் வேலை. என்னைக் கூட்டிப் போக வந்தவள் ஆதிரை. இருபத்து நாலு வயது, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். "மாமி!" என்று கட்டிப்பிடித்தாள். தாய் தகப்பனோடு டேனிஷில் கதைக்கிற பிள்ளை, என்னோடு மட்டும் கஷ்டப்பட்டுத் தமிழில் கதைத்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் 'அல்ட்சோ' என்று ஒன்றைப் போடுவாள். 'அதாவது' என்று பொருளாம். ஒன்றும் சொல்லாததற்கு முன்னாலும் 'அதாவது' வந்தது.

ரயிலில் ஏறியதும் வந்து சேர்ந்த செய்தியை ஊருக்குச் சொல்லலாம் என்று கைபேசியை எடுத்தேன். நான் ஒன்றும் கத்தவில்லை. சாவகச்சேரிக்குக் கதைக்கிறபோது எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவுதான். முன்னால் இருந்த மனிதர் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே யன்னலில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். வாயில் விரல் வைத்த படம். அது அமைதிப் பெட்டியாம். காசு கொடுத்து ஏறின வண்டியில் வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு தனிப் பெட்டி! மற்றப் பெட்டியில் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அங்கும் ஒருவரும் கதைக்கவில்லை.

பாதி வழியில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் வேலை, எல்லோரும் இறங்கி பஸ்ஸில் ஏறுங்கள் என்று அறிவித்தார்கள். இருநூறு பேர் இறங்கிக் குளிர்காற்றில் வரிசையாக நின்றார்கள். ஏன், எவ்வளவு நேரம், யார் பொறுப்பு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பஸ் பழுதாகி நின்றால் ஐந்து நிமிடத்தில் நடத்துனரின் மாமனார் வீடுவரைக்கும் விபரம் தெரிந்துவிடும். இங்கே நாற்பது நிமிடம் நின்றும் பக்கத்தில் நின்ற பெண்ணின் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. களைத்துப்போய் பெட்டியைக் கீழே வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். மணி அடித்துக்கொண்டு வந்த ஒரு சைக்கிள் கிழவி ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன பிள்ளை சொல்லுறா?"

"அல்ட்சோ... நீங்கள் நிக்கிறது சைக்கிள் பாதையாம். பக்கத்திலை மனுசருக்கு இடம் இருக்காம்."

வந்து இறங்கி மூன்று மணித்தியாலத்தில் அந்த நாட்டு ஆட்களிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பேச்சு அது.

புரொண்பியில் நேசனின் வீடு நாலாம் மாடி. கௌரி புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்துப் படுக்கலாம் என்றால் பக்கத்து அறையில் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். யாரோ மெதுவாக வெங்காயம் வெட்டுவதாக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், நான் நிற்கிற நாட்களில் இங்கேயே தங்குவதாக வந்திருந்த ஆதிரை மின்சாரப் பியானோவுக்கு முன்னால் காதில் ஹெட்போனோடு இருக்கிறாள். பாட்டு அவளுக்கு மட்டும். எங்களுக்குக் கட்டைகள் விழும் சத்தம்.

அந்த ஹெட்போனை வாங்கிக் கொடுத்தவன் நேசன்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயதில், கீழ் வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று மாடிக் குடியிருப்புக் குழுவுக்குக் கடிதம் எழுதினார்களாம். மறுநாளே ஓடிப்போய் இருப்பதில் விலை கூடியதை வாங்கி வந்தானாம். "அண்டைக்குப் போட்டது மச்சாள். அதுக்குப் பிறகு பிள்ளை என்ன வாசிக்குது எண்டு இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் கௌரி. அவள் குறையாகச் சொல்லவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வியாழக்கிழமை என்னைக் கோபன்ஹேகன் பார்க்கக் கூட்டிப் போனாள் ஆதிரை. பார்த்தது பெரும்பாலும் காற்று. ஒரு கடையில் கறுப்புப் பாண் துண்டில் மீன் வைத்துத் தந்தார்கள். மேலே மூடப் பாண் இல்லை. பாதிச் சாண்ட்விச்சுக்கு முழு விலை. அதைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு வெட்டிச் சாப்பிட வேண்டுமாம். சரி என்று வாயில் வைத்தால் மீன் இனிக்கிறது. மீனுக்குச் சீனி போட யாருக்கு மனம் வந்ததோ தெரியாது. பச்சையாக வேறு இருந்தது. விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அங்கே வைத்துத்தான் அவள் எனக்கு அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொன்னாள். பெயரைச் சொன்னாள், என் வாயில் அது ஏறவில்லை. செத்து நூறு வருடத்துக்குக் கிட்டவாம். ஒரே நிறத்தில் ஒரே மாதிரிப் பல கோட்டுகள் தைத்து வைத்து வருடக்கணக்காக அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டாராம். மழை வந்தால் குடை நனைந்துவிடும் என்று அதைக் கோட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு தான் நனைந்து போவாராம். இந்த மனிதர் எழுதிய பாட்டுக்காகவா நான் முழங்கால் வலியோடு இரண்டு விமானம் மாறி வந்தேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொறுங்கோ மாமி, இனித்தான் விஷயம்" என்றாள். "இந்தப் பாட்டை ஒருத்தரும் கேக்கக் கூடாது."

"என்ன?"

"அல்ட்சோ, சனம் சாப்பிட வேணும், கதைக்க வேணும், நடக்க வேணும். பாட்டு சும்மா பக்கத்திலை இருக்கும். கதிரை, மேசை இருக்கிற மாதிரி. அவர் எழுதி வைச்சிருக்கிறார். ஆராவது திரும்பிக் கேக்கத் துவங்கினால் வாசிக்கிறவர் நிப்பாட்டிப்போட்டு முதல்லை இருந்து வாசிக்க வேணும்."

"ஒருத்தர் கேட்டாலுமா?"

"ஒருத்தர் கேட்டாலும்."

முழுவதும் வாசிக்கப் பன்னிரண்டு நிமிடம்தானாம். ஆனால் அவளுடைய கல்லூரியில் ஒரு முறையும் முடிக்க முடியவில்லையாம். டேனிஷ்காரருக்குக் கதைக்கச் சொன்னால் கதைக்கத் தெரியவில்லையாம். இரண்டு பேர் காலநிலையைப் பற்றிச் சொல்லிவிட்டு, மரியாதைக்காகத் திரும்பிக் கேட்கத் தொடங்கிவிடுவார்களாம். ஆசிரியர்கள் கைவிட்டு, வேறு பாட்டு எடு என்றார்களாம். "அப்பதான் நினைச்சன். எங்கடை ஹோலிலை தமிழ் ஆக்கள் என்ன நடந்தாலும் கதைப்பினம். பரதநாட்டியம் நடந்தாலும் கதைப்பினம், ஐயர் மந்திரம் சொன்னாலும் கதைப்பினம். உலகத்திலேயே இந்தப் பாட்டுக்குச் சரியான ஆக்கள் எங்கடை ஆக்கள்தான் மாமி!"

கண் மினுங்கச் சொன்னாள். எனக்குக் கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. முப்பது வருடம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து 'சத்தம் போடாமல் வரிசையிலை நில்லுங்கோ' என்று கத்தித் தொண்டை போனவள் நான். பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நேசன் லீவு. வரவேற்பறையில் கைபேசியும் ஒரு பெயர்ப் பட்டியலுமாக இருந்தான். ஒவ்வொருவராக எடுக்கிறான், ஒரே வசனம். "நேசன் கதைக்கிறன். நாளைக்கு நாலு மணிக்கு. ஒரு மணித்தியாலம்தான். தயவுசெய்து ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. சின்னப்பிள்ளையளைப் பக்கத்து அறையிலை விடலாம், ஆள் போட்டிருக்கிறன்." ஹ்விடோவ்ரேக்காரருக்கும் அதுவே, டோஸ்ட்ருப்காரருக்கும் அதுவே.

"தம்பி, பிள்ளை சனத்தைக் கதைக்கச் சொல்லியெல்லோ கேக்குது? பாட்டின்ரை முறையே அதுதானாமே?"

"சொன்னவள்" என்றான், பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவள் எங்களை நக்கலடிக்கிறாள் அக்கா. உங்களுக்கு விளங்காது."

பிறகு விளங்கப்படுத்தினான். அவளுக்குப் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு கச்சேரியாம். மகள் மேடைக்கு வந்ததும் இவன் சந்தோஷத்தில் கௌரியிடம் "உதிலை பார், உந்த நீலச் சட்டை" என்று ஏதோ சொல்லியிருக்கிறான். முன்னால் இருந்த வெள்ளைக்காரத் தாய் திரும்பி உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்றாளாம். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். மேடையில் நின்ற ஆதிரையும் பார்த்தாளாம். பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாளாம்.

"பத்து வருசம் அக்கா. அதுக்குப் பிறகு அவளின்ரை ஒரு கச்சேரிக்கும் நான் போகேல்லை. இப்ப கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டு என்ன சொல்லுறாள்? சோதினை எடுக்கிற டேனிஷ்காரருக்கு முன்னாலை எங்கடை சனம் சந்தை மாதிரிக் கதைக்க வேணுமாம்! நான் விடுவனே? நாளைக்கு ஒரு ஊசி விழுந்தாலும் கேக்க வேணும். எங்களுக்கும் இருக்கத் தெரியும் எண்டு அவள் பாக்கட்டும்."

அவன் கை பட்டியலை மடித்து மடித்துச் சின்னதாக்கியது. முதியோர் இல்லத்தில் டேனிஷ் கிழவர்களுக்குச் சாப்பாடு தீத்தி விடுகிற கை. ஆதிரை வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்பா சொன்னால் ஆக்கள் கேப்பினமே மாமி? எத்தினை விழாவிலை மைக்கிலை கெஞ்சினவை. ஒருத்தரும் கேக்கேல்லையே?" அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. நான் அங்கே விட்டது பெரிய பிழை.

சனிக்கிழமை நாலு மணி என்றால் நாலு மணிக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் சனம் நேரத்துக்கு வந்திருக்கிறது! வாசலிலும் கழிப்பறைக் கதவிலும் குசினிக் கதவிலும் 'அமைதி காக்கவும்' என்று நேசன் அச்சடித்து ஒட்டியிருந்தான். ஆதிரை நடுவில் பரிமாறச் சொல்லியிருந்த ரோல்ஸையும் கடலை வடையையும் குசினிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கைபேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள். விமானத்தில்கூட என்னிடம் அப்படி வாங்கவில்லை.

நான் விளக்கேற்றினேன். பரீட்சகர்கள் இரண்டு பேர். ஒருவர் அவளுடைய ஆசிரியை, மற்றவர் வெளியிலிருந்து வந்த உயரமான மனிதர். அவரைச் 'சென்சர்' என்கிறார்கள், நடுநிலைக்காக வருகிறவராம். மண்டபத்துப் பெரியவர்கள் மூன்று பேருக்குப் போர்த்தி முடித்த நேசன், இவர்கள் இருவரையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தப் போனான். சென்சர் பின்னால் போனார். பரிசு வாங்கக் கூடாது என்பது விதியாம். நேசன் முன்னால் போனான். "இது பரிசு இல்லை, மரியாதை" என்று டேனிஷில் சொல்லிச் சொல்லி மூலைவரை துரத்திப் போர்த்திவிட்டான். நான் யாழ்ப்பாணம் பெரியகடையில் பேரம் பேசி வாங்கிய சரிகைப் பொன்னாடையோடு அந்த மனிதர் முகம் சிவந்து கதிரையில் இருந்து, பேனையை எடுத்து எதையோ எழுதினார். என்ன எழுதினாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆதிரை வந்து பியானோவில் இருந்தாள். தொடங்கினாள்.

மூன்று நாளாக 'டொக் டொக்' என்று கேட்டது இதுதானா? இடது கை மெதுவாக நடந்தது. வலது கை இடையில் வந்து ஒன்று சொல்லிவிட்டுப் போனது, சொன்னதைக் கொஞ்சம் மாற்றித் திரும்ப வந்து சொன்னது. அவசரம் இல்லை, அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இவ்வளவு வடிவாக எழுதி வைத்த அந்தக் குடைக்காரரை என்ன செய்வது!

நூற்றைம்பது பேர். ஒரு மூச்சு இல்லை.

இரண்டு நிமிடம் போயிருக்கும். ஆதிரை சனத்தைத் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தினாள். முதலிலிருந்து தொடங்கினாள்.

"ஐயோ, பிள்ளை மறந்து போச்சுது" என்று கௌரி சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். அதைக்கூடச் சத்தமில்லாமல் சொன்னாள்.

மறுபடியும் அதே இடம், மறுபடியும் நிறுத்தினாள், மறுபடியும் முதலிலிருந்து. சனத்துக்கு அவள் தடுமாறுவதாகத்தான் விளங்கியது. பாவம் பிள்ளை, சத்தம் போட்டால் இன்னும் குழம்பிவிடும் என்று ஒவ்வொருவரும் இன்னும் இறுகி இருந்தார்கள். இருமல் வந்த ஒரு பெரியவர் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். எங்கள் சனத்தின் அன்பே அவளை முன்னால் போக விடவில்லை. நாலாம் முறை. ஐந்தாம் முறை. பின்கழுத்து வியர்வையில் மினுங்கியது. சோதனைக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று சொல்லியிருந்தாள். சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. சென்சர் பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

நேசன் முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தான். மகள் தடுமாறுகிறாள் என்று கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பின்னால் திரும்பி, யாராவது அசைகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தான். எனக்கு அந்த நேரம் அவனைக் கதிரையோடு தூக்கி வெளியில் போட வேண்டும் போல இருந்தது.

ஒன்பதாம் முறை அவள் நிறுத்தித் தொடங்கியபோது இருபது நிமிடம் தாண்டிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

"கௌரி! புதன்கிழமை வைச்ச கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் காணாது!"

தபால் கந்தோர்க் குரல். மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போய் வந்தது.

"அக்கா!" என்றான் நேசன், பல்லைக் கடித்துக்கொண்டு. "வாயை மூடுங்கோ!"

கௌரி ஒரு நிமிடம் திகைத்தாள். ஆனால் குழம்பைக் குறை சொன்னால் எந்தப் பெண்தான் பேசாமல் இருப்பாள்? "என்ன மச்சாள் கதை இது? அண்டைக்கு ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டனீங்கள்தானே?"

"பசி, சாப்பிட்டன். உப்பு உப்புத்தான்!"

"அவவின்ரை கைக்கு உப்பு எப்பவும் குறைவுதான்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "ஆர் சொன்னது? என்ரை மகன்ரை கலியாணத்துக்கு அவதானே சமைச்சவ?" என்று எழுந்தாள் இன்னொருத்தி. நடுவிலிருந்து ஒரு மனிதர் எழுந்து என்னை நோக்கிக் கையை நீட்டினார். "பொறுங்கோ, நீங்கள் சாவகச்சேரித் தபால் கந்தோரிலை இருந்தனீங்களெல்லோ? என்ரை ரெஜிஸ்டர் தபால் ஒண்டு இண்டைவரைக்கும் வந்து சேரேல்லை!"

"ரசீது வைச்சிருக்கிறீரோ?" என்றேன்.

"இருபது வருசத்துக்கு முந்தின ரசீதை டென்மார்க்குக்கோ கொண்டு வாறது?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. தபால் தொலைந்தவர்கள் நாலு பேர் எழுந்தார்கள். உப்புக்கு ஒரு கட்சி, எதிராக ஒரு கட்சி. பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு பிள்ளைகள் டேனிஷில் கத்தியபடி ஓடி வந்தார்கள். நான் நேசனின் சட்டைப் பையில் கைவிட்டுத் திறப்பை எடுத்துக் குசினியைத் திறந்தேன். அவன் தடுக்கவில்லை. தடுக்கிற நிலையில் அவன் இல்லை. ரோல்ஸ் தட்டுகள் தலைக்கு மேலால் போயின. முப்பது வருடம் நான் வெறுத்த அந்தச் சத்தம் மண்டபத்தை நிறைத்தது. எனக்கு அது தேனாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

அதற்குள் ஆதிரையின் தோள்கள் தளர்ந்துவிட்டன. எப்போதும் நிறுத்துகிற இடத்தைத் தாண்டிப் போனாள். இதுவரை யாரும் கேட்காத பகுதி. நானும் கேட்கவில்லை. ரெஜிஸ்டர் தபால்காரரோடு மல்லுக்கு நின்றேன். வாய் அவரோடு கதைத்தாலும் கண் முன்வரிசைக்குப் போனது.

நேசன் மட்டும் கதைக்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, வாய் திறந்து. பதினைந்து வருடம் வாசித்தவளை அவன் முழுதாகக் கேட்கிறான். ஆதிரையும் அதைக் கண்டுவிட்டாள். வாசித்தபடியே தலையைத் திருப்பி அவனை நேரே பார்த்தாள். போச்சு, விதிப்படி நிறுத்த வேண்டும், பத்தாம் முறை தொடங்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் நிறுத்தவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பவுமில்லை. அவனைப் பார்த்தபடியே கடைசிவரை வாசித்தாள்.

முடிந்தது ஒருவருக்கும் தெரியாது. கைதட்டு இல்லை. அவளே மூடியைச் சாத்திவிட்டு வந்து ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்தாள். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சென்சர் குறிப்புப் புத்தகத்தோடு வந்து அவளிடம் டேனிஷில் ஒரு கேள்வி கேட்டார். பிறகு எனக்கு அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"முன்னால் இருந்த அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் திரும்பித் தொடங்கவில்லை?" என்று அவர் கேட்டாராம்.

"அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்" என்று இவள் சொன்னாளாம்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அரை மணித்தியாலம் கதவைச் சாத்தி யோசித்துவிட்டு வந்து பத்துப் புள்ளி என்றார்கள். இந்த நாட்டில் ஆகக் கூடியது பன்னிரண்டு. ஏழுக்கு மேல் பத்து, பத்துக்கு மேல் பன்னிரண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. இப்படிப் படி கட்டினால் மனிதர் ஏறுவது எப்படி? சென்சர் போகும்போது பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கடலை வடையைக் கடதாசியில் சுற்றி எடுத்துப் போனார்.

ஞாயிறு காலை எல்லோரும் வீட்டில் இருந்தோம். ஆதிரையும் இன்னும் தன் அறைக்குத் திரும்பவில்லை. நேசன் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு முறுகிக்கொண்டிருந்தான்.

"பன்னிரண்டு குடுத்திருக்கலாம். மிச்சம் ரெண்டு எங்கை போனது? எல்லாம் சனம் கத்தினதாலை வந்தது. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். நீங்கள்தான் அக்கா முதல் கிளப்பினது."

மூன்று நாளாக அடக்கி வைத்தது எனக்கு வெடித்தது. "விசரா! சனம் கத்தினபடியால்தான் இந்தப் பத்தெண்டாலும் வந்தது. அந்த ரெண்டு எங்கை போனது தெரியுமே? நீ! நீ ஒருத்தன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் நிப்பாட்டியிருக்க வேணும். நிப்பாட்டேல்லை. அந்தச் சென்சர் கண்டு கேட்டவர். உன்னை விட மனமில்லாமல்தான் பிள்ளை அந்த ரெண்டையும் விட்டது!"

நேசன் கோப்பையை மேசையில் வைத்தான். கௌரியைப் பார்த்தான். எழும்பிப் பல்கனிக்குப் போய்க் காற்றில் நின்றான். கால்மணித்தியாலம் நின்றிருப்பான். அந்தக் குளிரில் மேற்சட்டைகூடப் போடவில்லை.

உள்ளே வந்தவன் நேரே பக்கத்து அறைக்குப் போனான். ஆதிரை வழக்கம்போல ஹெட்போனை மாட்டியபடி 'டொக் டொக்' என்று தொடங்கியிருந்தாள். குனிந்து அந்த வயரைப் பியானோவிலிருந்து பிடுங்கினான். பாட்டு அறைக்குள் வந்தது. அவள் திடுக்கிட்டு நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"வாசி" என்றான் தமிழில்.

"கீழ் வீட்டு ஆக்கள்..." என்றாள் அவளும் தமிழில்.

"அவை கடிதம் எழுதட்டும்."

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். நேசன் கட்டில் ஓரத்தில் இருந்தான். உடனே எதையோ நினைத்துக்கொண்டவன்போலக் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தான். சத்தமாகக் கதைக்கத் தொடங்கினான். கனடாவில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் சுரேஷோடு. அங்கே ஸ்னோ எப்படி, முழங்கால் நோ எப்படி, வீட்டுக் கூரை திருத்தியாச்சோ என்று ஒன்று மாறி ஒன்றாகக் கேட்டான். கண் மட்டும் மகளின் விரலில் இருந்தது. எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. அவ்வளவு சொல்லியும் பிள்ளை வாசிக்கிற நேரம் கனடாவோடு என்ன கதை வேண்டிக்கிடக்கிறது?

பறித்து வைப்போம் என்று கிட்டப் போனேன். அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து மணி. கனடாவில் விடிய நாலு மணி, சுரேஷ் நல்ல நித்திரையில் இருப்பான். கைபேசியின் முகம் கறுத்துக் கிடந்தது. அதற்குள் ஒருவரும் இல்லை.

ஆதிரை ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓமோம்" என்று நேசன் அந்த இருண்ட கைபேசிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "இஞ்சை மகள் ஏதோ வாசிக்கிறாள். இல்லையில்லை, நான் கேக்கேல்லை."